போலே அக்காவின் கப்பல்

அந்தத் தீவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. போலே அக்கா என்பார்கள். மலாயில் போலே என்றால் முடியும், ஆகட்டும் என்று பொருள். அந்த ஒரு சொல்தான் எப்போதும் அவர் வாயில் இருந்தது. கேட்பவர் பேச்சை முடிப்பதற்குள், "போலே லா, ஏன் முடியாது?" என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகுதான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா, என்னா கேட்ட?" என்பார்.

ஆள் குள்ளம். தலைமுடியை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, தோளில் ஒரு துண்டு போட்டிருப்பார். பேசும்போது அந்தத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருப்பார், கை ஈரமாக இல்லாவிட்டாலும். தீவின் தமிழர் குடியிருப்புக்கு முன்னால் கடற்கரையில் ஒரு பெரிய வாதாமரம். அதன் நிழலில் தகரக்கூரை போட்டிருந்தது அவர் கடை. காலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், பரோட்டா போல வீசிப் போடும் ரொட்டி சானாய். மத்தியானம் சோறும் மீன்கறியும். அவர் கணவர் தேவன் படகுக்காரர். சுற்றுப்பயணிகளை ஏற்றிக்கொண்டு தீவைச் சுற்றிக் காட்டிவிட்டு வருவார். அவர் பேசினால் நாலு வார்த்தை. மிச்சத்தையெல்லாம் அக்கா பேசுவார்.

நான் ஈப்போக்காரன். அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவ உதவியாளனாக அந்தத் தீவுக்கு மாற்றலாகிப் போனேன். ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்த வேலையை இன்னமும் டிரெசர் என்றுதான் சொல்வார்கள். லூமுட் துறைமுகத்தில் பெர்ரி ஏறி, மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தால், எனக்கு ஒதுக்கியிருந்த குவாட்டர்ஸில் கூரை ஒழுகியது. பையைத் தூக்கிக்கொண்டு அக்கா கடையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தேன்.

"எந்தூரு தம்பி?"

"ஈப்போக்கா. குவாட்டர்ஸு பூரா தண்ணி. ரெண்டு நாளைக்கு எங்கயாச்சும் ஒரு ரூம்பு..."

"போலே லா."

கடைக்குப் பின்னால் அவர் வீட்டில் சாமான் அறை ஒன்றைக் காட்டினார். அரிசி மூட்டைகளுக்கும் வலைகளுக்கும் நடுவில் பாயைப் போட்டுப் படுத்தேன். விடிந்ததும் யாரோ என் காலருகே நின்றார்கள்.

"யாரு?" என்றார் அவர்.

"டிரெசருண்ணே. புதுசா வந்திருக்கேன்."

"எங்க வீட்டுல என்னா பண்றீங்க?"

"அக்கா இருக்கச் சொன்னாங்க."

"அப்ப சரி. காலக் கொஞ்சம் மடக்கிக்குங்க, எஞ்சின எடுக்கணும்" என்றார். அவர்தான் தேவன் அண்ணன். நான் வந்திருப்பதை அக்கா அவரிடம் சொல்லவே இல்லை. ரெண்டு நாளைக்கு என்று கேட்ட அறையில் பல மாதங்கள் இருந்தேன். கூரையைச் சரிசெய்த பிறகும் சாப்பாடு அங்கேதான்.

ஒரு தடவை கடல் கொந்தளித்து பெர்ரியை நிறுத்திவிட்டார்கள். தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மாணவர் கூட்டம் ஒன்று தீவின் படகுத்துறையான ஜெட்டியில் மாட்டிக்கொண்டது. அவர்களை அழைத்துவந்த விரிவுரையாளர் கடைக்கு ஓடிவந்து, "அக்கா, இவ்வளவு பேருக்கும்..." என்று ஆரம்பித்தார். பதில் என்னவென்று எனக்குத் தெரியும். இருந்த அரிசியெல்லாம் உலையில் ஏறியது. பெண் பிள்ளைகளுக்கு வீட்டை விட்டுக்கொடுத்தார். ஆண் பிள்ளைகளைக் கோயில் மண்டபத்தில் படுக்கவைத்தார். தேவன் அண்ணன் படகிலேயே தூங்கினார். மறுநாள் அந்தப் பிள்ளைகள் கும்பிட்டுவிட்டுப் போன பிறகு, அக்காவும் அண்ணனும் அவர்களுடைய மகள் செல்வியும் காலைச் சாப்பாட்டுக்கு பிஸ்கட்டைக் கோப்பியில் நனைத்துத் தின்றார்கள்.

"ஒரு தரம் முடியாதுன்னு சொல்லிப் பாரேன்" என்றார் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. ஆசையாகக் கேட்டதுபோலத்தான் இருந்தது.

"சொல்லலாங்க. வாயில வர மாட்டேங்குது" என்றார் அக்கா.

அவர் கோலா கங்சார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே ஒருநாள் அதைச் சொன்னார்.

"தோட்டத்த வித்துட்டாங்க தம்பி. எப்ப வித்தாங்க, யாருக்கு வித்தாங்க, ஒண்ணும் தெரியாது. ஒரு நாளு ஆபீஸு கிராணி வந்து, லயத்தக் காலி பண்ணுங்கன்னு சொல்லிட்டுப் போறாரு. எங்கப்பா ஆபீஸுக்குப் போயி நின்னாரு. வீட்டு முன்னால மாமரம் காய்ச்சிருக்கு, பழுக்குற வரைக்கும் இருந்துட்டுப் போறோம்னு கேட்டாரு. அதுக்கும் முடியாதுன்னுட்டாங்க."

"ரொம்ப அழுதீங்களாக்கா?"

"அழல. எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேட்டிருந்தா நாங்களே சரின்னு சொல்லியிருப்போம் லா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுக் கிளம்பிய குடும்பம் ஈப்போ ஓரத்தில் ஜெலாப்பாங் அடுக்குமாடி ஒன்றில் போய் அடைந்தது. அக்கா அங்கே தொழிற்சாலையில் கொஞ்ச காலம் வேலை செய்தார். பிறகு தேவன் அண்ணனைக் கட்டிக்கொண்டு தீவுக்கு வந்தார். நடந்தால் காலில் மண் படுகிற இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டதாகச் சொல்வார்.

நான் அங்கே போய் மூன்றாம் வருஷம் கப்பல் பேச்சு வந்தது. பெரிய உல்லாசக் கப்பல்கள் தீவுக்கு வெளியே வந்து நிற்கும். பயணிகள் சின்னப் படகுகளில் கரைக்கு வருவார்கள், பகல் பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்புவார்கள். அதற்குக் கடற்கரையில் ஒரு புது ஜெட்டி வேண்டும். இதைத் தீவு மக்களிடம் பேச வந்த கம்பெனி அதிகாரி, சாந்தினி என்ற இளம்பெண். ஈப்போவில் வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அவளைக் குறை சொல்ல என்னால் இன்றைக்கும் முடியாது. வந்த நாள் முதல் அக்கா கடையில்தான் சாப்பிட்டாள். யார் பேசினாலும் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். கப்பல் வந்தால் இந்தத் தீவுக்கு நல்லது நடக்கும் என்று மனசார நம்பினாள்.

பொது மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மலாய் மீனவர்கள், மீன் வறுவல் கடை வைத்திருக்கும் சீனர்கள், நம்மவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். திரையில் வெள்ளைக் கப்பலையும் சிரித்த முகங்களையும் காட்டினார்கள். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள். படகுக்காரர்கள் பக்கம் முணுமுணுப்பு. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சாந்தினி முன்வரிசையைப் பார்த்தாள்.

"அன்ட்டி, நீங்க என்ன நினைக்கிறீங்க? உங்களுக்கு விருப்பம் இல்லாட்டிச் சொல்லுங்கோ."

அக்கா துண்டில் கையைத் துடைத்தார். மைக்கை யாரோ வாய்க்கு நேரே நீட்டினார்கள். அப்படி ஒரு வெட்கத்தை நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை.

"நம்மள மதிச்சுக் கேக்குறாங்கல்ல. வரட்டுமே" என்றார். பிறகு மண்டபமே எதிர்பார்த்த அந்தச் சொல்லையும் சொன்னார். "போலே லா!"

எல்லாரும் சிரித்தார்கள். கைதட்டினார்கள். போலே அக்காவே சொல்லிவிட்டார் என்றதும் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள்.

திரும்பி நடக்கும்போது தேவன் அண்ணன் கேட்டார். "கப்பல்காரனே சின்னப் படகு கொண்டாறான்னா, எங்க படகுக்கு என்னா வேலை? அத கேட்டியா?"

"கேக்கலாங்க. எதுன்னாலும் வந்து கேளுங்கன்னுதானே சொல்லிருக்காங்க."

முதல் கப்பல் வந்த காலையை மறக்க முடியாது. கடலில் ஒரு வெள்ளைக் கட்டடம் முளைத்ததுபோல நின்றது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து கையில் கொடி கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அக்கா பக்கத்து வீட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, இருட்டோடு எழுந்து சமைத்திருந்தார். சம்பல் வாசனை ஜெட்டி வரைக்கும் போனது.

பயணிகள் இறங்கினார்கள். மணிக்கட்டில் ஆளுக்கொரு வண்ணப் பட்டை. இரண்டு பக்கமும் கயிறு கட்டிய பாதையில் அவர்களைக் கம்பெனி போட்டிருந்த கூடாரத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே கப்பலிலிருந்து கொண்டுவந்த சாப்பாடு, குளிர்பானம், நாற்காலி. வெளியே விற்கும் உணவு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று கப்பலிலேயே எச்சரித்து அனுப்பியிருந்தார்களாம். அக்கா ரொட்டி வீசுவதைக் கயிற்றுக்கு அப்பால் நின்று படம் எடுத்தார்கள். ஒரு தைவான் கிழவர் மட்டும் கயிற்றைத் தூக்கிக் குனிந்து வந்து, இரண்டு ரொட்டி சாப்பிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவரைச் சீருடைக்காரர் ஒருவர் மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனார்.

கப்பல் போன பிறகு, மிஞ்சிய சோற்றைப் பாத்திரம் பாத்திரமாக வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார் அக்கா. "மொத நாளு அப்பிடித்தான் லா இருக்கும். அவுங்களுக்கு நம்மளத் தெரியாதுல்ல" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார்.

இதெல்லாம் அப்படியே போயிருந்தால் தீவு கொஞ்ச நாளில் கோபப்பட்டிருக்கும். அக்காவும் தன் வார்த்தையைத் திருப்பி வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் நடுவில், கல்யாணமாகித் தீவிலேயே இருந்த செல்விக்குப் பிரசவம் வந்தது.

நாள் நெருங்கவில்லை. மழை கொட்டிய ஒரு மத்தியானம் அவளுக்கு ரத்தப்போக்கு கண்டது. கிளினிக் படகு வேறொரு நோயாளியை ஏற்றிக்கொண்டு அப்போதுதான் அக்கரைக்குப் போயிருந்தது. தேவன் அண்ணனின் படகு அந்த அலையை எதிர்த்துப் போகக்கூடியது இல்லை. நான் சாந்தினிக்குப் போன் செய்தேன். ஒரு கேள்வி கேட்கவில்லை அவள். கம்பெனியின் விரைவுப் படகு சிறிது நேரத்தில் ஜெட்டியில் நின்றது. சலைன் பையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் செல்வியின் தோளை அழுத்திக்கொண்டு நான் போனேன். அக்கா அவள் காலடியில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். அரை மணி தாமதித்திருந்தால் தாயும் பிள்ளையும் தப்பியிருக்க மாட்டார்கள் என்று அக்கரை மருத்துவர் சொன்னார்.

பேரனைத் தூக்கிக்கொண்டு தீவுக்குத் திரும்பிய அன்று சாந்தினியின் இரண்டு கைகளையும் பிடித்து அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள் சங்கடப்பட்டுக் கையை இழுத்தாள். "அன்ட்டி, இதுக்கெல்லாம் எதுக்கு? யாரா இருந்தாலும் செய்வாங்கதானே" என்றாள். உண்மையாகவே அவள் யாருக்கும் செய்திருப்பாள்.

அதற்கு அடுத்த மாதம் செல்வியின் கணவனுக்கு ஜெட்டியில் நிரந்தர வேலை கிடைத்தது. அக்காவைக் கடற்கரை வரவேற்புக் குழுவில் சேர்த்தார்கள். கப்பல் வரும் நாளில் பட்டுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, குங்குமத் தட்டோடு நிற்க வேண்டும். பக்கத்தில் ஒரு மலாய்ப் பெண், ஒரு சீனப் பெண். தோளில் துண்டு இல்லாததால் அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாது. தட்டைப் பிடித்திருக்கும் விரல்கள் நெளிந்துகொண்டே இருக்கும். கடையை வாதாமரத்தடியிலிருந்து எடுத்துவிட்டு, கயிற்றுக்குள்ளே ஒரு சின்னக் கடை கொடுத்தார்கள். அதில் ரொட்டி போடக்கூடாது. பொட்டலத்தில் அடைத்த நெத்திலி, தேங்காய் மிட்டாய் விற்கலாம். தனக்கு மட்டும் வேண்டாம் என்று கேட்டு நான்கு பெண்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார்.

கப்பல் வந்தது தீவுக்கு நல்லதா என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் என்னைக் கேட்பார்கள். எனக்குச் சொல்லத் தெரியாது. ஜெட்டிக்குப் பக்கத்தில் இருந்த மீன் வறுவல் கடை மேல்மாடி கட்டியது. கோலாலம்பூருக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பிவந்து சீருடை போட்டுக்கொண்டார்கள். கடற்கரைச் சாலைக்கு விளக்கு வந்தது. கப்பல் நாட்களில் கடலில் மிதவை கட்டி வழியை மறித்துவிடுவதால் தேவன் அண்ணன் போன்றவர்களின் படகுகள் மணலில் கிடந்தன. கூட்டத்துக்குப் பயந்து, வாரம் தங்கிப் போகிற பழைய பயணிகள் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். அதனால் கப்பல் இல்லாத நாட்களிலும் படகுகளுக்கு வேலை இல்லை. ஒரே வீட்டில் ஒருவருக்கு வாழ்வு வந்தது, ஒருவருக்குப் போனது. அக்கா வீட்டில் அது நடந்தது.

ஊர்ப் பேச்சு மாறியது. முன்பு கப்பல் என்றவர்கள், "ஒங்க கப்பல்" என்றார்கள். ஒரு படகுக்காரர் மனைவி கிளினிக்கில் என் முன்னாலேயே கேட்டார்.

"நாளைக்கு ஒங்க கப்பல் வருதாக்கா? எங்க வீட்டுக்காரரு வீட்டுல படுத்துக் கெடக்கணுமா, கெளம்பணுமான்னு கேக்கச் சொன்னாரு."

அக்கா பேரனின் ஊசிச் சீட்டை மடித்தபடி, "வருதும்மா" என்றார்.

இரண்டாவது கூட்டம் போட்டபோது ஜெட்டியை நீட்டப் போவதாகச் சொன்னார்கள். பெரிய கப்பல்கள் வரப்போகின்றன. தமிழர் குடியிருப்புக்கு முன்னால் படகுகளைக் கட்டிவைக்கும் இடம் முழுவதும் அதற்கு வேண்டும். படகுகளுக்குத் தீவின் மறுபக்கம் இடம் தருவார்கள். மறுபக்கம் பாறை. காற்று நேரே அடிக்கும் இடம்.

கூட்டத்துக்கு முந்தின மாலை செல்வியின் கணவன் மாமியார் முன்னால் வந்து நின்றான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அத்தை, நாளைக்கு நீங்க என்னா சொல்லப் போறீங்க? எனக்கு இந்த வேலைய விட்டா இங்க வேற இல்ல. புள்ள இருக்கு" என்றான். மிரட்டவில்லை. கெஞ்சினான். தேவன் அண்ணன் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்கா எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார். நான் வேண்டாம் என்று சொன்னது அவர் காதில் விழவில்லை.

மண்டபத்தில் மைக்கை மறுபடியும் அவரிடம்தான் கொடுத்தார்கள். சாந்தினி புன்னகையோடு காத்திருந்தாள். அக்கா எழுந்து நின்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"இது வேணாம்மா. முடியாது" என்றார். "எங்க படகு நிக்கிற எடம் அது. அத மட்டும் விட்டுருங்க."

படகுக்காரர்கள்கூட நம்ப முடியாமல் அவரைப் பார்த்தார்கள். சாந்தினியின் முகம் மாறியது. தனக்கு மேலே உள்ளவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மேடையில் இருந்த பெரிய அதிகாரி ஒலிபெருக்கியில் மரியாதையாகச் சொன்னார். அன்ட்டியின் கருத்துக்கு நன்றி. எல்லாத் தரப்பின் கருத்தையும் கவனத்தில் எடுத்துக்கொள்வோம். இந்தத் திட்டத்துக்குச் சமூகம் ஏற்கெனவே முழு மனதோடு ஆதரவு தந்திருக்கிறது. அப்போது திரையில் ஒரு படம் வந்தது. முதல் கூட்டத்தில் எடுத்தது. அக்கா வாய்கொள்ளாமல் சிரிக்கிறார், சுற்றிலும் கைதட்டுகிறார்கள்.

யாரும் அவரைப் பழிவாங்கவில்லை. மருமகனின் வேலை போகவில்லை. அடுத்த கப்பலுக்கு வழக்கம்போல வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். மழைக்காலம் முடிந்ததும் தூண் இறக்க ஆரம்பித்தார்கள்.

சாந்தினி வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். "நான் எழுதி அனுப்பினேன் அன்ட்டி. என்னால ஏலுமானது அவ்வளவுதான்" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. அக்காதான் அவளுக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்துத் தேற்றி அனுப்பினார். அவள் போன பிறகு என்னிடம் சொன்னார்.

"சரின்னு சொன்னேன், ஒரு ஆளு போதும்னாங்க. வேணாங்குறேன், நீ ஒரு ஆளுதானேங்குறாங்க. தோட்டத்துல கேக்காம அனுப்புனாங்க தம்பி. அது பரவால்ல. வைதுட்டுப் போயிட்டோம். இங்க யார வையறது?"

தேவன் அண்ணன் சில மாதம் பாறைப் பக்கம் படகைக் கட்டிப் பார்த்தார். இரண்டு முறை அடிப்பலகை பிளந்தது. படகை ஒரு சீனருக்குக் கொடுத்துவிட்டு ஜெலாப்பாங்குக்குப் போனார். தொழிற்பேட்டையில் ஒரு பண்டகசாலையில் காவல் வேலை. அக்காவையும் வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அதற்கு அக்கா சொன்ன பதிலை நானே கேட்டேன், படகுத்துறையில் அண்ணனை ஏற்றிவிட்ட அன்று.

"நாந்தானேங்க கப்பல வரச் சொன்னேன். என்னய நம்பி நாலு பொம்பளைங்க உள்ள நிக்கிறாங்க. செல்வி இருக்கா. நான் எப்பிடி எந்திரிச்சு வருவேன்? கொஞ்ச நாளு போகட்டும், வாரேன்."

எனக்கும் ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு மாற்றல் வந்தது. ரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும்போது அண்ணனை அங்கே பார்ப்பேன். இன்னும் நாலு வார்த்தைதான் பேசுவார். கடல் இல்லாத இடத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று தெரியவில்லை என்று ஒருமுறை சொன்னார். போன வருஷம் ஒரு நாள், "ஞாயித்துக்கெழம தீவுக்குப் போறேன். வாரீங்களா டிரெசர்?" என்று கேட்டார். என் காரில் போனோம்.

பெர்ரியிலிருந்து பார்க்கும்போதே தெரிந்துவிட்டது. வெள்ளைக் கப்பல் நின்றிருந்தது. வேறு ஒரு நாள் வரவேண்டியது, காற்றுக்காக முன்கூட்டியே வந்துவிட்டதாம். கடற்கரையில் கயிறு. மணிக்கட்டில் பட்டை இல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. கயிற்றுக்கு அப்பால், பட்டுச் சேலையில் அக்கா நின்றிருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். எங்களைப் பார்த்துவிட்டார். ஒரு பயணிக்குப் பொட்டு வைத்துக்கொண்டே கண்ணால் பேசினார், இருங்க, போயிடாதீங்க என்று. பிறகு யாரும் பார்க்காத ஒரு நொடியில் கயிற்றருகே வந்தார்.

"சாப்டீங்களா?"

"ம்."

"மாத்திரை?"

"போட்டேன். நீ?"

அவர் பதில் சொல்வதற்குள் அடுத்த படகு வந்துவிட்டது. திரும்பி ஓடினார்.

மணலில் உட்கார்ந்து காத்திருந்தோம். வாதாமரம் இருந்த இடத்தில் கழிப்பறை கட்டியிருந்தார்கள். பொழுது சாயும்போது கடைசிப் பயணியும் படகேறினார். கப்பல் ஊதியது. அக்கா வந்து எங்கள் பக்கத்தில் பட்டுச் சேலையோடு மணலில் உட்கார்ந்தார். காலை நீட்டிக் கணுக்காலை அழுத்திவிட்டுக்கொண்டார். செல்வி பேரனைத் தூக்கி வந்து தாத்தா மடியில் விட்டாள். பேரனுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை, சிணுங்கினான். அக்கா ஜெலாப்பாங்கில் மழையா என்று கேட்டார். அண்ணன், ஆமாம், சாயங்காலமானால் மழை என்றார். கூரை ஒழுகுதா என்று கேட்டார். இல்லை என்றார். இப்போதாவது அண்ணன் அவரைத் தன்னோடு வரக் கூப்பிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். எழுந்து தள்ளிப் போய்க்கூட நின்றேன். அவர் கூப்பிடவில்லை. கடைசி பெர்ரிக்கு நேரமாகிவிட்டது. அக்கா எழுந்து அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

பெர்ரியில் ஆள் அதிகமில்லை. தீவு பின்னால் போனது. அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு புதுச் சாவியை எடுத்துப் பார்த்தார். ஜெலாப்பாங் வீட்டுக்கு இரண்டாவது சாவி. சிவப்பு நூலில் கோத்திருந்தார்.

"அக்காவுக்கா?" என்றேன்.

"ம். சாவி வெட்டி ரொம்ப நாளாச்சு."

"குடுக்கலையா அண்ணே?"

அவர் சாவியை நூலோடு சுற்றினார்.

"குடுத்தா வாங்கிக்குவா டிரெசர். வாரேன்னும் சொல்லிருவா. அப்புறம் வர முடியாம கெடந்து தவிப்பா. எதுக்கு?"

சாவியைத் திரும்பவும் பையில் போட்டு, பொத்தானை மாட்டிக்கொண்டார்.